இடக்கண்ணுக்கு ஒரு துவக்கு

ரொக்ஸ்பரோ
14 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி ஞானேந்திரனுக்கு,

அண்ணை நாகமுத்து எழுதுகிறேன். நாளைக்குப் பொங்கல். நீ இந்தப் பக்கம் இல்லாமல் எனக்கு வருகிற முதல் பொங்கல்.

ஒரே நகரத்தில் இருந்துகொண்டு கடிதம் போடுகிற ஆட்களா நாங்கள் என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது, டெலிபோன் எடுத்தால் உன் மகள் சாருஜாதான் எடுக்கிறாள். “அப்பா நித்திரை, பெரியப்பா. பேந்து எடுங்கோ” என்கிறாள். போன மாதம் இரண்டு தரம் பஸ் எடுத்து, மெற்றோ எடுத்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் அவள் வீடு வரைக்கும் வந்தேன். இரண்டு தரமும் வாசலிலேயே தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டாள். பிள்ளையோடு எனக்குக் கோபம் இல்லை. துவக்கு பின்னால் வெடித்துத் தகப்பனின் கண் போனது. துவக்கின் குழலை வெட்டிப் பூட்டியவன் நான்.

இங்கே உன் வீட்டுப் படியில் பனியை நான்தான் தள்ளுகிறேன். ஆள் இல்லாத வீடு என்று தெரியக்கூடாதல்லவா. தபால்பெட்டியில் கிடந்த விளம்பரங்களையும் எடுத்துவிட்டேன்.

கோயிலில் றஜிந்தனைக் கண்டேன். அவன் வாய் உனக்குத் தெரியும்தானே. “சண்டைக்குத் தப்பி ஓடிவந்து இஞ்சை நிண்டு துவக்கடிக்கிறியள் ஐயா, வெக்கமில்லையோ?” என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டான். நீ முந்தி ஒருக்கால் அவனுக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். “எங்கடை துவக்கு மேசையிலை மண் பைக்கு மேலை படுத்திருக்கும் தம்பி. நூறு யார் தூரம் தள்ளி ஒரு தாள். அஞ்சு சன்னமும் ஒரே ஓட்டையாலை போகோணும். இத்தினை வருசத்திலை செத்தது தாள் மட்டும்தான்.” எல்லாரும் சிரித்தார்கள். றஜிந்தனும் சிரித்தான். பிறகு, “அப்ப ஞானேந்திரன் மாமான்ரை கண்?” என்று கேட்டான். நான் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

கத்தரினின் துவக்குக் கடைக்குக் கிழமையில் மூன்று நாள் போய்வருகிறேன். அவளுடைய தகப்பன் விட்டுப்போன அதே லேத்தில்தான் இன்னும் குழல் கடைகிறேன். நீ உட்காரும் வாங்கு சும்மா கிடக்கிறது. நீ முதன்முதல் என் துவக்கால் சுட்டது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு யூலை பதினாலு, சனிக்கிழமை. காற்று இடப்பக்கத்தால் வந்தது. காற்றுப் பார்க்கிற கொடிகளில் மூன்றாவது மட்டும் மற்றப் பக்கம் ஆடியது. நாலாவது சன்னம் விலகிப்போனது. “காத்து” என்றாய். காற்று இல்லை தம்பி, நீ மூச்சை விட்டாய். அன்றைக்கு நான் சொல்லவில்லை.

பனி கரைந்ததும் வா. மேசை பிடித்து வைக்கிறேன்.

உன் சுகத்தையே நினைத்திருக்கும்
அண்ணை நாகமுத்து


நோத்ர-டாம்-த-கிரேஸ்
28 ஜனவரி 2024

அன்பு அண்ணை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அதை மேசையிலேயே வைத்திருக்கிறேன். பதினொரு வருடம் பழகி, உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். லேத்தில் நிற்கிற கைக்கு இவ்வளவு வடிவான எழுத்தா என்று சாருஜாவே கேட்டாள். நான் எப்போது எதை எழுதி நீட்டினாலும், “கையெல்லாம் எண்ணெய், நீ வாயாலை சொல்லு” என்பீர்களே, அந்த ஆளா இது?

மூச்சு விட்டது உண்மை. அன்றைக்கே எனக்கும் தெரியும்.

வலக்கண்ணில் வெளிச்சம்கூட இல்லை. இடக்கண் நல்லாக இருக்கிறது. ஆனால் அண்ணை, கண் அல்ல இப்போது என் பிரச்சினை.

ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து சொற்கள் சொல்லிவிட்டு வேறு கதை கதைத்து, பிறகு அவற்றைக் கேட்டார்கள். எனக்கு மூன்றுதான் வந்தது. பயத்தில் வரவில்லையா, உள்ளேயே இல்லையா, தெரியாது. எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்பை நிற்பாட்டினேன் என்று எழுதுகிறேன். எழுதியதை நம்பலாமா என்று திரும்பப் போய் அடுப்பைப் பார்க்கிறேன். பேத்தியைக் கார்டறிப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என் வேலையாக இருந்தது. இப்போது சாருஜா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறாள். “உங்களை நம்பாமலில்லை அப்பா. ரோட்டு குறுக்காலை போகோணும், அதுதான்” என்றாள்.

எல்லாம் அந்தத் துண்டுத் தாளில் தொடங்கியது. நீங்கள் கோபிக்கவேண்டாம், இன்னொரு தரம் கேட்கிறேன். யூலை பத்தொன்பது, புதன்கிழமை, நீங்கள் பல் டொக்டரிடம் போயிருந்தீர்கள். நான் கடைக்கு வந்து, லேத்துக்கு மேல், சாவிக்கு அடியில் ஒரு துண்டு வைத்தேன். புதிதாக வாங்கிய வெடிக்கோதுகளின் கழுத்தை இந்த முறை தடிப்பாக விட்டிருக்கிறேன், ஆனபடியால் புதுக் குழலில் கோது போய் இருக்கிற அறையின் கழுத்தைக் கொஞ்சம் அகட்டி வெட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். நீலப் பேனை. கொப்பியில் கிழித்த தாள். ஓரத்தில் தேத்தண்ணிக் கறை. இவ்வளவும் எனக்குப் படம்போல இருக்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரியில், சாருஜாவுக்கு முன்னால் நான் கேட்டபோது, “என்ன துண்டு? ஒரு துண்டும் இல்லையே” என்றீர்கள். உங்கள் நினைவைப் பற்றி நான் யாருக்குச் சொல்லவேண்டும்? பத்து வருடத்துக்கு முந்தி எந்தக் கொடி எந்தப் பக்கம் ஆடியது என்று சொல்கிற ஆள் நீங்கள். அப்படியென்றால் நான் எழுதவில்லை. தடித்த கோதை ஒடுக்கமான அறைக்குள் திணித்தவன் நான்தான். பின்னால் பூட்டுகிற போல்ட் இறுகியது. தெரிந்தது. “அண்ணை வெட்டினது, அளக்கத் தேவையில்லை” என்று தள்ளிப் பூட்டிச் சுட்டேன். காவல் கண்ணாடி ஆவி பிடித்து மங்கியதென்று கழற்றியும் வைத்திருந்தேன். கோது விரிந்து சன்னத்தை விட இடமில்லாமல் நெருப்பு பின்னுக்கு வந்தது.

அது போகட்டும். நடக்காத ஒன்றைக் கறையோடும் பேனையோடும் கண்டவன், இன்னும் எதை எதைக் கண்டுகொண்டிருக்கிறான்? அதுதான் என்னைத் தின்கிறது.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஞானேந்திரன்


ரொக்ஸ்பரோ
11 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனதைப் போட்டு உடைக்காதே. துண்டு ஒன்றையும் நான் காணவில்லை. வயது போனால் எல்லாருக்கும் ஒன்று இரண்டு மாறித்தான் வரும். ஐந்தில் மூன்று சொன்னது பெரிய காரியம். போட்டியில் ஐந்தில் மூன்று ஒரே ஓட்டையால் போனால் துள்ளுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

உனக்கு ஒரு புதினம் சொல்லவேண்டும். இடக்கண்ணுக்கு ஒரு துவக்குச் செய்கிறேன். போல்ட் இடப்பக்கம் வருகிற துவக்கு உடல் ஒன்றைக் கத்தரின் பழைய சாமான்களுக்குள் கண்டெடுத்தாள். “முசியூ நாகா, இது யாருக்கு?” என்று கேட்டாள். சொன்னேன். காகிதங்களைப் பதிந்து தந்துவிட்டாள்.

உடலை மரப்பிடியில் பசை வைத்து இருத்திவிட்டேன். எங்கேயும் மயிரளவு இடைவெளி இல்லை. குழலை லேத்தில் ஏற்றி, நடு ஓட்டை உண்மையாகவே நடுவில் சுழல்கிறதா என்று ஒரு முழு நாள் பார்த்தேன். அளவுக் கருவியின் ஊசி அசையாமல் நின்றது. மற்ற ஆட்கள் அரை மணித்தியாலத்தில் முடிப்பார்கள். எனக்கு அவசரம் என்ன. அறை இன்னும் வெட்டவில்லை. குழலின் வாயில் மாட்டுகிற பாரவளையத்தையும் கடைந்து வைத்திருக்கிறேன். அதை ஒவ்வொரு கோடாகத் திருப்பித் திருப்பிச் சுட்டுப்பார்த்தால், ஓர் இடத்தில் குழலின் நடுக்கம் அடங்கி, சன்னங்கள் ஒன்றையொன்று தேடிப் போகும். அந்த இடத்தை நீதான் பிடிக்கவேண்டும். என் கைக்கு அந்தப் பொறுமை இல்லை.

இடக்கண்ணால் சுடுவது முதலில் சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல இருக்குமாம். இரண்டு மாதத்தில் பழகிவிடும் என்று கத்தரின் சொல்கிறாள்.

மேல்வீட்டு யோகராணி உன்னைச் சுகம் கேட்டா. ஜான்-டலோன் சந்தையில் குளிர் என்றும் பாராமல் மரக்கறிக் கடையில் நிற்கிறா. உனக்கென்று கொஞ்சம் முருங்கைக்காய் தந்தா. உன்னிடம் சேர்ப்பிக்க வழியில்லாமல் நானே சமைத்தேன்.

எப்போதும் உன்
அண்ணை நாகமுத்து


நோத்ர-டாம்-த-கிரேஸ்
10 மார்ச் 2024

அன்பு அண்ணை,

துவக்கைப் பற்றி வாசித்தபோது சுவரிலுள்ள கலண்டரை இடக்கண்ணால் ஒருக்கால் குறிபார்த்தேன். பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் அது எனக்கு வேண்டிவராது போலிருக்கிறது. ரொக்ஸ்பரோ வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. மார்ச் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, நோட்டரியிடம் போகிறோம். வீட்டுக் காகிதத்தோடு இன்னொரு காகிதமும் இருக்கிறது. இனி என் காரியங்களை எல்லாம் எனக்காகச் சாருஜா முடிவெடுக்கலாம் என்று நான் கையெழுத்து வைக்கவேண்டும். துவக்கு லைசன்சையும் அன்றைக்கே ஒப்படைக்கிறேன்.

அவள் என்னை வற்புறுத்தவில்லை. “அப்பா, உங்களுக்கு ஓமெண்டால்தான்” என்றாள். என்னிடம் “இல்லை” என்று சொல்ல என்ன இருக்கிறது? என் தலையை நானே நம்பாதபோது அவளை ஏன் நம்பச் சொல்லவேண்டும்?

நேற்றுக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். தெப்பனேர்க் கடைக்காரர் மீதியைத் தந்தார். எண்ணிப் பார்த்தேன், சரி. வெளியே வந்து, எண்ணினேனா என்று சந்தேகம். திரும்ப எண்ணினேன். மூன்றாம் தரம் அவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் வெளியே போகவில்லை.

கடைசியாக ஒன்று. இதற்குப் பிறகு கேட்கமாட்டேன், சத்தியம். அந்தத் துண்டு இருந்ததா? நீங்கள் மறந்திருக்கலாம், எங்கேயாவது விழுந்திருக்கலாம், குப்பையோடு போயிருக்கலாம். எப்படிப் போனது என்று நான் கேட்கமாட்டேன். கண்ணுக்குக் கணக்குக் கேட்கவும் மாட்டேன். “ஓம், இருந்தது” என்று இரண்டு சொல் எழுதினால் போதும். நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

இருபத்தெட்டாம் திகதிக்கு முன்.

உங்கள் தம்பி
ஞானேந்திரன்


ரொக்ஸ்பரோ
7 ஏப்ரல் 2024

தம்பி ஞானேந்திரனுக்கு,

ஓம், இருந்தது.

இந்த இரண்டு சொல்லும் பத்து நாள் பிந்திவிட்டது. அது எனக்குத் தெரியும். துண்டை இதோடு வைத்திருக்கிறேன். நீலப் பேனை. கறை வலது மூலையில். நீ சொன்னதில் ஒன்றுகூடப் பிழை இல்லை.

இது என் கையெழுத்தும் அல்ல. முதல் கடிதத்திலிருந்து யோகராணிதான் எழுதுகிறா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறா, நீ எழுதுவதை எனக்கு வாசித்துக் காட்டுகிறா. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது தம்பி. இலக்கம் தெரியும். அளவுக் கருவி தெரியும். எழுத்துத் தெரியாது. தமிழ் எழுத்தும் தெரியாது.

ஏழு வயதில் என்னைச் சுருட்டுக் கொட்டிலில் விட்டார்கள். அங்கே ஒருவர் வாங்கில் ஏறியிருந்து பேப்பரை உரத்து வாசிப்பார், நாங்கள் சுற்றிக்கொண்டே கேட்போம். அப்படிக் கேட்டுத்தான் நான் இப்படிக் கதைக்கப் பழகினேன். இங்கே வந்த பிறகு வெள்ளைக்காரருக்கு நான் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத தமிழன். தமிழருக்கு, யாழ்ப்பாணத்து ஆள் ஒருவனுக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கும் என்று நினைக்கவே தோன்றாது. நடுவில் ஒளிந்துகொண்டேன். உன்னிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாய் வரை வந்தது. நீ ஒவ்வொரு வெடியையும் கொப்பியில் எழுதுகிற ஆள். உனக்கு முன்னால் குறைந்துபோக மனம் வரவில்லை.

பல் டொக்டரிடமிருந்து வந்தேன். சாவியைத் தூக்கினேன். துண்டு. உன் எழுத்து என்று கண்டுபிடிக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வழக்கம்போல ஏதோ நன்றி எழுதியிருக்கிறாய் என்று நினைத்துச் சட்டைப்பையில் வைத்தேன். அறையை எப்போதும் வெட்டுகிற அளவிலேயே வெட்டினேன். கத்தரின் அடுத்த அறையில் நின்றாள், ஆனால் அவளுக்குத் தமிழ் வராது. உனக்கு டெலிபோன் எடுத்து, “என்ன தம்பி எழுதினாய்” என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் நீ, “வாசிக்கேல்லையோ?” என்பாய். அதற்குப் பயந்து கேட்கவில்லை.

ஓகஸ்ட் ஐந்து, சனிக்கிழமை, உனக்கு அது நடந்தபோது துண்டு அதே சட்டையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் நீ கேட்டாய். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஓம் என்றால், ஏன் வாசிக்கவில்லை என்ற கேள்வி வரும். ஒரு துண்டும் இல்லை என்றேன். சாருஜா உன்னைப் பார்த்த பார்வையைக் கண்டேன். அந்த நேரமே திருத்தியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய் யோகராணியிடம் துண்டை நீட்டினேன். வெண்டிக்காய்ப் பெட்டிக்கு மேல் வைத்து வாசித்தா. வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. “ஐயா, இதை நீங்கள் பாக்கேல்லையோ?” என்றா. அவவுக்குத்தான் முதன்முதல் சொன்னேன், எனக்கு வாசிக்கத் தெரியாதென்று.

உன் கடைசிக் கடிதம் மார்ச் பதினாலு வந்தது. அன்றைக்கே யோகராணி கொப்பியோடு இறங்கி வந்தா. “சொல்லுங்கோ, எழுதுறன்” என்றா. “ஓம், இருந்தது” என்று சொன்னேன். எழுதினா. கிழிக்கச் சொன்னேன். பதினேழாம் திகதியும் அப்படித்தான். இருபத்திரண்டாம் திகதி, “இல்லை எண்டு எழுது பிள்ளை” என்றேன். அவ பேனையை மூடிவிட்டா. “பெப்ரவரியிலை எழுதின பொய்யே போதும் ஐயா. அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. உண்மையெண்டால் கூப்பிடுங்கோ, இல்லையெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ” என்று மேலே போய்விட்டா.

வேறு ஆளைப் பார்க்க நான் போகவில்லை. இன்றைக்கு வரை மேலே போய் அவவைக் கூப்பிடவும் இல்லை. இருபத்தெட்டாம் திகதி, விற்கப்போகிற உன் வீட்டுக்கு முன்னால் போய் நின்றேன். பத்து மணிக்கு நோட்டரி என்றால் பதினொன்றுக்குள் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். பதினொன்று வரைக்கும் நின்றேன். என்னிடம் டெலிபோன் இருந்தது. சாருஜாவின் இலக்கம் மனப்பாடம்.

ஏன் செய்தேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு எழுத்தும் தெரியாதவன் என்று நீ அறிவதைவிட, உன் புத்தி போய்விட்டது என்று நீ நம்புவது எனக்குச் சுகமாக இருந்திருக்கிறது. வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

துண்டைச் சாருஜாவிடம் காட்டு. டொக்டரிடம் காட்டு. நான் எங்கே வந்து சொல்லவேண்டுமென்றாலும் வந்து சொல்கிறேன்.

நாகமுத்து


நோத்ர-டாம்-த-கிரேஸ்
21 ஏப்ரல் 2024

நாகமுத்து அண்ணைக்கு,

துண்டு கிடைத்தது. என் எழுத்துத்தான். சாருஜாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய், கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள். பிறகு வந்து, “நாளைக்குக் கார்டறிக்கு நீங்கள் போறியளோ அப்பா?” என்று கேட்டாள். போனேன். போகிற வழியில் மூன்று தரம் நின்று, வழி சரியா என்று பார்த்தேன். வழி சரி. எட்டு மாதப் பழக்கம் ஒரு துண்டோடு போகாது என்று தெரிந்தது.

அந்தக் காகிதத்தைச் சாருஜா கிழித்துவிடலாம் என்கிறாள். நோட்டரியிடம் திரும்பப் போகவேண்டும். வீடு போய்விட்டது. யூன் மாதம் ஆட்கள் வருகிறார்கள். இனி அந்தப் படியை நீங்கள் பார்க்கவேண்டாம்.

கண்ணுக்கு நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. போல்ட் இறுகியபோது எடுத்து அளந்திருக்கவேண்டியவன் நான். கண்ணாடியைக் கழற்றியவனும் நான். வாசிக்கத் தெரியாததும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு தரம் சொல்லியிருந்தால், நான் துண்டு எழுதுவதை விட்டுவிட்டு வாயால் சொல்லியிருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்தே இருக்கமாட்டோம்.

ஆனால் எட்டு மாதம் நான் என் தலைக்குள் இருட்டில் தடவிக்கொண்டு திரிந்தேன். விளக்கு உங்கள் சட்டைப்பையில் இருந்தது. நான் கேட்டேன், மூன்று தரம் கேட்டேன். நீங்கள் எனக்கு முருங்கைக்காயைப் பற்றி எழுதினீர்கள்.

இடக்கைத் துவக்கைச் செய்து முடிக்கவேண்டாம். லைசன்சைத் திருப்பி எடுக்கப்போவதில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் பின்னால் நிற்கிற ஆளை நம்பவேண்டும். அது எனக்கு இனி வராது. கத்தரினுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வாசலுக்கு வரவேண்டாம். இனிமேல் கடிதம் வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புவேன்.

தங்கச்சி யோகராணிக்கு,

இதை உங்கள் வாயால் சொல்லவேண்டி வந்ததற்கு மன்னிக்கவேண்டும். வேறு வழி எனக்கு இல்லை. அவரை இருத்திவைத்து, ஒரு தரம் மட்டும் வாசியுங்கள். திரும்ப வாசிக்கத் தேவையில்லை. அவர் மறக்கமாட்டார்.

ஞானேந்திரன்